காதில் ஊற்றிய ரப்பர் பால்

நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். ஏதாவது எழுதித் தரச் சொல்லி இரண்டு வாத்திமார் கடைக்கு வந்தார்கள். "நீங்க முன்னுக்கு வந்த கதைய எழுதுங்க ஐயா" என்றார்கள். அந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே எத்தனையோ கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், லொறி கழுவினவன், இன்று இரத்தினபுரி போகிற ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னால் எட்டு அறைகளுடன் தங்குமிடம் கட்டியிருக்கிறான். அதில் நீச்சல் குளமும் இருக்கிறது. நம்ம தோட்டத்தில் பிறந்தவன் எவனாவது நீச்சல் குளம் கட்டியிருக்கிறானா? இருந்தால் காட்டுங்கள்.

ஆனால் அந்தக் குளத்தில் நான் ஒருநாளும் இறங்கியதில்லை. "முதலாளிக்குப் பெருமை, நம்மகூட எறங்க மாட்டாரு" என்று வேலைக்காரப் பையன்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். பெருமை இல்லை. அருவருப்பு.

குளத்தைக் காலையில் நான் நின்று பார்த்துச் சுத்தம் செய்விக்கிறேன். வலை போட்டு அள்ளினால் என்ன வரும் தெரியுமா? முடிக்கற்றை, புண்ணில் ஒட்டின பிளாஸ்டர், ஒருநாள் ஒரு குழந்தையின் நனைந்து ஊதிப்போன கோவணத் துணி. தூ! போன மாதம் காற்சட்டை போட்ட கனவான் ஒருவர் தண்ணீரை வாய் நிறைய எடுத்துக் கொப்பளித்து அதே தண்ணீரில் துப்பினார். பக்கத்தில் அவர் மகன் வாயைத் திறந்துகொண்டு நீந்துகிறான். நான் எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிவிட்டேன். சண்டைக்கு வந்தார். "தண்ணி கண்ணாடி மாதிரித்தானே இருக்கு?" என்றார். கண்ணாடி மாதிரி இருந்தால் சுத்தம் என்று யார் சொன்னது?

என் குளத்துக்குச் சட்டம் இருக்கிறது. குளித்து உடம்பைக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும். புண் இருந்தால் இறங்கக் கூடாது. வயிற்றுப்போக்கு இருந்தால் அந்தப் பக்கமே வரக் கூடாது. காது ஒழுகுகிறவனை, அவன் மந்திரியாக இருந்தாலும், நான் விடமாட்டேன். அந்தக் கடைசிச் சட்டத்துக்குத்தான் இந்தக் கதை.

உங்களில் பாதிப்பேர் அந்தக் குழியில் என்னோடு குதித்தவர்கள். மறந்ததுபோல நடிக்காதீர்கள்.

எனக்குப் பதினொரு வயது. எஹலியகொடப் பக்கம் மழைக்கா பஞ்சம் என்பார்கள். அந்த வருடம் ரப்பர் இலை கொட்டத் தொடங்கியதிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில், மூங்கில் பீலியில் தண்ணீர் விரல் தடிப்புக்கு இறங்கி, பிறகு நூலாகி, பிறகு மூங்கில் குழாயின் வாய் மட்டும் பாக்கி. பொம்பளைகள் தகரப் பேணிகளோடு வரிசையில் நின்று ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்தார்கள். குடிக்கவே அந்தத் தண்ணீர். குளிப்பது வாரத்தில் ஒருநாள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் வாத்தியார் ஜன்னல் பக்கம் போய்விடுவார்.

தோட்டம் முடிந்து கிராமத்து வயல் தொடங்கும் இடத்தில் யாரோ மாணிக்கக் கல் தேடித் தோண்டிவிட்டுக் கைவிட்ட குழி இருந்தது. கரை சரிந்து, இரண்டு காம்பரா அறை அகலத்துக்குக் குளமாகிவிட்டது. அதில் மட்டும் தண்ணீர் வற்றவில்லை. அதைத் தண்ணீர் என்று சொல்லவே நாக்குக் கூசுகிறது. மேலே பச்சையாக ஒரு தோல். தோலுக்குக் கீழே அழுகின ரப்பர் இலை. பகல் முழுக்க ஒரு எருமை கழுத்து மட்டும் தெரியக் கிடக்கும், அது செய்கிற எல்லாவற்றையும் அங்கேயே செய்யும். மேட்டில் இருக்கும் ரப்பர் பெக்டரியிலிருந்து பால் உறையவைத்த புளித்த தண்ணீர் கழிவுக் கானில் இறங்கி அதில்தான் விழும். நம்ம லயத்துக் கானும் அதில்தான் விழும். செத்த எலி வயிறு ஊதி மிதக்கும். அதைக் குச்சியால் தள்ளிவிட்டுக் குதித்தோம். இப்போது எழுதும்போது தொண்டைவரை வருகிறது. அன்றைக்கோ சொர்க்கம் என்று நினைத்தோம்.

நீச்சலில் நான்தான் ராஜா என்று உங்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் அல்லவா? பொய். என் தங்கச்சிதான். ஒன்பது வயது, ஈர்க்குச்சி மாதிரி உடம்பு. அடியில் போய் ஒரு பிடி சேறு அள்ளிவர வேண்டும், அதுதான் விளையாட்டு. நான் பாதியில் மூச்சு முட்டி ஏறிவிடுவேன். அவள் காணாமல் போவாள். நாங்கள் எண்ணுவோம். எண்ணி முடித்துப் பயம் வருகிற நேரத்தில் கறுப்புச் சேறு பிடித்த கையொன்று முதலில் வரும், பிறகு சிரிக்கிற வாய். அந்தச் சேறு கூழ்முட்டை மாதிரி நாறும். அவள் அதை என் முகத்தில் அப்புவாள்.

வயலுக்குப் போகிற ஒரு சிங்கள மனிதர், வயதானவர், தோளில் மண்வெட்டியோடு நின்று எங்களைப் பார்த்தார்.

"ஏ வத்துரே நான்ட எப்பா, புத்தே!"

எப்பா, வேண்டாம், அந்தத் தண்ணீரில் குளிக்காதே மகனே என்று மறுபடி மறுபடி சொன்னார். எலியைக் காட்டினார். நெற்றியில் கை வைத்து, உடம்பை நடுக்கி, காய்ச்சல் வரும் என்று நடித்துக் காட்டினார். நாங்களும் அதேபோல நடுங்கிக் காட்டிச் சிரித்தோம். அன்று பின்னேரம் இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா பால் வெட்டுக்காரர். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"எப்பான்னு சொன்னானா? ஏன் சொன்னான்? அடியில கல்லு இருக்குடா! அதான் வெரட்டுறான்."

"கல்லா?"

"மாணிக்கம்டா மடையா. நீங்க அள்ளுற சேத்த கீழ போடாதீங்க. சட்டியில கொண்டாங்க."

அந்த ஊரில் இப்படித்தான் எல்லோருக்கும் புத்தி போகும். எவனாவது ஒரு இடத்துக்குப் போகாதே என்றால் அங்கே கல் இருக்கிறது. அம்மாவுக்கு வேறு பயம். "ஆழத்துக்குப் போகாதீங்க, கன்னிமாரு இழுத்துரும்" என்பார். மூழ்கிச் சாவதற்கு எல்லோரும் பயந்தார்கள். அழுக்குக்கு ஒருவரும் பயப்படவில்லை. அதற்குப் பிறகு குழிக்குப் போவது எங்களுக்குத் திருட்டு வேலை இல்லை, வீட்டு வேலை. தங்கச்சி அள்ளுவாள், நான் சட்டியில் சுமப்பேன், அப்பா கூடையில் போட்டு அரிப்பார். கிடைத்தது கூழாங்கல்லும் ஒரு சோடாப் போத்தல் மூடியும்.

இரண்டு வாரத்தில் எங்கள் உடம்பெல்லாம் சொறி. முழங்காலில் வெட்டு ஆறாமல் வெள்ளையாக ஊறிக் கிடக்கும். அதற்கு நம்மிடம் வைத்தியம் இருந்தது, நினைவிருக்கிறதா? கத்தி பட்டால் பால் வெட்டுக்காரர்கள் செய்வதுதான். மரத்தில் கட்டிய சிரட்டையிலிருந்து ரப்பர் பாலைத் தொட்டுக் காயத்தில் தடவினால் தோல் மாதிரிக் காய்ந்துவிடும். தண்ணீர் போகாது என்று நினைத்தோம். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் தங்கச்சிக்கு இடது காது.

"அண்ணே, காதுக்குள்ள தண்ணி கொடகொடங்குது."

"ஒத்தக் கால்ல குதி."

குதித்தாள். போகவில்லை. மறுநாள் வலிக்கிறது என்றாள். காது மடலைத் தொட்டாலே கத்தினாள். அன்றைக்கே அவளைத் தண்ணீரிலிருந்து நிறுத்தியிருந்தால், சாய்த்துப் படுக்க வைத்துக் காதை வடியவிட்டு, ஒரு சுத்தமான துணியால் வெளிப்பக்கம் துடைத்து, டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போயிருந்தால், நாலு நாளில் முடிந்திருக்கும். இதை எனக்கு ஐம்பது வருடம் கழித்து ஒரு டொக்டர் சொன்னார். பதினொரு வயதில் எனக்கே டொக்டர் என்ற நினைப்பு.

"காதையும் அடைச்சிட்டா தண்ணி எப்புடிப் போகும்?" என்றேன்.

அவள் கண்கள் விரிந்தன. "பால்லயா?"

"பின்ன? காயத்துல நிக்குது, காதுல நிக்காதா?"

"அப்ப நாளைக்கும் குதிக்கலாமா அண்ணே?"

அவளுக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

அடுத்த நாள் காலை அப்பா பால் வெட்டும் மலைக்குப் போனோம். மரத்திலிருந்து பால் வடியும் தகரத் துண்டைப் பிடுங்கினேன். தங்கச்சி வேரில் தலை வைத்துப் படுத்தாள், இடது காது மேலே. தகரத்தைக் காது வாயில் வைத்து, சிரட்டையைச் சாய்த்தேன். வெள்ளை வெளேரென்று இறங்கியது. ஒரு குமிழி வந்து உடைந்தது. இன்னும் ஊற்றினேன். காது நிறைந்து கன்னத்தில் வழிந்தது.

"குளுகுளுங்குது" என்று சிரித்தாள்.

"ஆடாத. காயட்டும்."

ஊதி ஊதிக் காயவைத்தேன். மேலே மஞ்சளாக இறுகியதும் விரலால் தட்டிப் பார்த்தேன். பந்து மாதிரி எகிறியது. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் கண்டுபிடிப்பு அது, அவ்வளவு பெருமை. "அடுத்த காதையும் திருப்பு" என்றேன். திருப்பினாள். அடுத்த மரத்துச் சிரட்டையைக் கையில் எடுத்துவிட்டேன்.

"எவன்டா அது தகரத்தப் புடுங்குறது? தோலை உரிச்சிருவேன்!"

கங்காணி. தடியோடு மேட்டில் நின்றார். சிரட்டையைப் போட்டுவிட்டு ஓடினோம். அந்த மனிதரை நான் ஆயுள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அவர் செத்தபோது சாவுக்கும் போகவில்லை. அவர் கத்தியதால் தங்கச்சிக்கு இன்று ஒரு காது மிச்சம். அந்தக் கணக்கை நான் மிகத் தாமதமாகத்தான் போட்டேன்.

அன்றைக்கு அவள் மூன்று தடவை குழியின் அடிக்குப் போனாள். அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவார். தங்கச்சி திரும்ப மாட்டாள். இரண்டாம் தடவை கூப்பிடுவார். மூன்றாம் தடவை நேரே வந்து முதுகில் ஒன்று வைப்பார். "கூப்புடுறது காதுல விழலயாடி? நீச்சல் அடிக்கத் தெரிஞ்சதும் இவளுக்குத் திமிரப் பாரு!" பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டார், அவள் பேசாமல் இருந்தாள், முட்டிக்கால் போடவைத்தார். "எருமை மாட்டுல மழ பேஞ்ச மாதிரி நிக்கிறா" என்றார். நாம் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஏன் அவளுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

பாலை நானே நோண்டி எடுக்கப் பார்த்தேன், ஈர்க்குக் குச்சியால். வெளியே இருந்த துண்டு அறுந்து வந்தது. உள்ளே இருந்தது இன்னும் உள்ளே போனது. காதுக்குள் எதையும் விடாதே என்று இன்று என் பேரப்பிள்ளைகளிடம் நான் ஏன் கத்துகிறேன் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நாங்கள் ஒரே சாக்கில் படுப்போம். காய்ந்த ரப்பர் பாலை ஒட்டுப்பால் என்போமே, முதல் இரண்டு இரவு அவள் தலையிலிருந்து அந்த வாடை அடித்தது. பிறகு வேறு வாடை. செத்த எலியின் வாடை, குழியில் குச்சியால் தள்ளிவிடுவோமே, அதே. காலையில் அவள் தலை வைத்த இடத்தில் மஞ்சள் ஈரம், அதில் எறும்பு வரிசை. நான் தலைமாறிப் படுத்துக்கொண்டேன். என் தங்கச்சியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு தலைமாறிப் படுத்தவன் நான். அருவருப்பு என்று இங்கே எத்தனை தடவை எழுதினாலும், அதில் பெரிய அருவருப்பு இதுதான்.

அம்மா காதுக்குள் பூச்சி புகுந்துவிட்டது என்று நினைத்து, உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சின தேங்காய் எண்ணெயை ஊற்றினார். எண்ணெய் உள்ளே போகாமல் வழிந்தது. அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. இரண்டாம் நாள் காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கி, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. உடம்பு நெருப்பு. பிதற்றினாள். அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், நான் பின்னால் ஓடினேன்.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா டோர்ச் அடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. நீட்டுச் சாமணத்தை உள்ளே விட்டார். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டார். அவள் போட்ட சத்தத்துக்கு வெளியே நின்ற நாய் எழுந்து போனது. ஐயா மெல்ல இழுத்தார். நீளமாக, மஞ்சளாக, சொதசொதவென்று ஒன்று வந்தது. காதின் உட்புறத்தை அச்சு எடுத்ததுபோல வளைந்திருந்தது. நுனியில் இரத்தம். அது வந்த கையோடு சீழ் பீறிட்டு ஐயாவின் வெள்ளைச் சட்டையில் அடித்தது. அந்த நாற்றத்துக்கு ஐயாவே ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இது என்ன, ஒட்டுப்பாலா?" சாமணத்தைத் தூக்கிப் பிடித்தார். "புள்ள காதுல ஒட்டுப்பாலா? எவன் ஊத்துனது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அலுமாரியில் இருந்த போத்தல்களைப் பார்த்தேன். சிவப்பு மருந்து, ஊதா மருந்து.

தங்கச்சி பாதி மயக்கத்தில் கண்ணைத் திறந்தாள். "நானேதான் ஐயா ஊத்திக்கிட்டேன்."

அப்பா அவளை அறைந்தார். நல்ல காது இருந்த பக்கம். "எங்க இருந்துடி ஒனக்கு இந்தக் கொழுப்பு?" என்று மறுபடி கை ஓங்கினார். டிஸ்பென்சர் ஐயா கையைப் பிடித்தார். நான் போத்தல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ரப்பர் சீட் ஏற்றின லொறியில் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காதுக்குப் பின்னால் வெட்டிச் சீழ் எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் மூளைக்கு ஏறியிருக்கும் என்றார்களாம். மழை தொடங்கிய பிறகுதான் திரும்பி வந்தாள். மொட்டைத் தலை, காதுக்குப் பின்னால் பள்ளம், அந்தக் காது செத்தது செத்ததுதான். குழிப்பக்கம் அவள் மறுபடி போகவே இல்லை. அப்பா மட்டும் சில நாள் சேறு அரித்தார்.

கதை டிஸ்பென்சரியிலிருந்து லயத்துக்கு வர எவ்வளவு நேரம்? அவள் வருவதற்கு முன்பே அவளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. "ஏய் ஒட்டுப்பால்!" நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். நானும் கூப்பிட்டேன், நான் கூப்பிடாவிட்டால் சந்தேகம் வருமே. பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட எவளோ அந்தப் பெயரைச் சொல்லி, முதல் சம்பந்தம் திரும்பிப் போனது. இன்றைக்கும் தோட்டத்தில் இறங்கி அவள் வீடு எங்கே என்று கேட்டால், "யாரு, ஒட்டுப்பால் அக்காவா?" என்கிறார்கள். அவளுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் முன்னுக்கு வந்தேன். என் கடையில் வேலை செய்த ஒருவன் வயல் தண்ணீரில் குளித்து எலிக்காய்ச்சலில் கண் மஞ்சளாகிக் கிடந்தபோது, "தண்ணியில எறங்கினத டொக்டர்கிட்ட மொதல்ல சொல்லு, மறைக்காத" என்று நான்தான் அவனைக் கூட்டிப்போனேன். பிழைத்தான். அன்று நெற்றியில் கை வைத்து நடித்துக் காட்டிய அந்தச் சிங்கள மனிதரின் நினைப்பு அப்போது வந்தது. அவர் கல்லை ஒளிக்கவில்லை.

போன மாதம் தங்கச்சியைக் காது டொக்டரிடம் கூட்டிப்போனேன். மிச்சக் காதும் மங்குகிறது. நல்ல மெஷின் வாங்கித் தருவேன், எனக்கென்ன குறைச்சல். டொக்டர் இளம் பெண், நம்ம மலைநாட்டுப் பிள்ளை. வெட்டின பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"சின்ன வயசுல என்னம்மா நடந்திச்சு?"

"ரப்பர் பால நானே ஊத்திக்கிட்டேன் டொக்டர்" என்றாள் தங்கச்சி. அதே வார்த்தை, அதே குரல்.

"இல்ல டொக்டர்" என்றேன். "நான்தான் ஊத்துனேன். நான்தான்."

டொக்டர் என்னைப் பார்த்தார். தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"எங்கண்ணன் அப்படித்தான் டொக்டர். ஒலகத்துல எது நடந்தாலும் நான்தான் செஞ்சேன்னு சொல்லும். நீங்க கணக்குல எடுக்காதீங்க."

டொக்டரும் சிரித்துவிட்டு இங்கிலீசில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. வெளியே வந்து, அவளுக்குக் கேட்கிற வலது காதுப் பக்கமாக நடந்து, "ஏன் புள்ள அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணே" என்றாள்.

அதனால்தான் இந்த மலரில் எழுதுகிறேன். இது அச்சில் வரும், இதைச் சிரித்துத் தள்ள முடியாது. அந்தப் பாலை ஊற்றினது நான். அந்த அறை எனக்கு விழ வேண்டியது. ஒட்டுப்பால் என்ற பெயர் என்னுடையது. இனி அவளை அப்படிக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால் என் கடை வாசலில் நின்று, வேலையாட்கள் முன்னால், என்னைக் கூப்பிடுங்கள். ஒரு தடவை கூப்பிட்டால் போதும், திரும்பிப் பார்ப்பேன். எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.